காத்து இருக்கு, கழட்டலாமா?

பேரனுக்கு லீவு விட்டால் பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். சாம்பியன் ஸ்டேஷனில் நான் போய் இறக்கிக்கொள்வேன். துணிப்பையை என்னிடம் கொடுப்பான், லேப்டாப்பைக் கொடுக்க மாட்டான். அதில்தான் அவன் ராக்கெட்டுகள் இருக்கின்றன.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒரு விளையாட்டு. மெக்சிகோ நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பெலிப்பே பலாங்கே ஆரம்பித்தது. 2011இல் முதலில் வெளிவந்தது, 2015இல் முழுசாக வந்தது. பச்சைத் தோலும் பூசணிக்காய் தலையுமாகச் சின்னச் சின்ன ஆட்கள். நாம் ராக்கெட் கட்டி அவர்களை ஏற்றி அனுப்ப வேண்டும். பாதி ராக்கெட் தரையிலேயே வெடிக்கும். பையன் அதற்கெல்லாம் அசருவதில்லை.

ரொம்ப நாளுக்கு அந்த ஆட்கள் வண்டியை விட்டு இறங்கினால் ஹெல்மெட்டோடுதான் அலைய வேண்டியிருந்ததாம். சொந்தக் கிரகத்தில், சொந்தப் புல்தரையில் நின்றாலும் தலையில் அந்தக் கண்ணாடிக் குடம். பின்னால் வந்த பதிப்பில் கழற்ற விட்டார்கள். காற்று ஒத்துக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் கழற்றினால் ஆள் அவ்வளவுதான். ஜூல் என்ற பச்சைக் கிரகத்தைச் சுற்றும் நிலா ஒன்று இருக்கிறது, லேத் என்று பெயர். கடலும் உண்டு, ஆக்சிஜனும் உண்டு. மூணு நாள் முயன்று போன வாரம் அங்கே ஓர் ஆளை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“தாத்தா, இங்க காத்து இருக்கு. கழட்டலாமா?”

அவன் யாரைக் கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. காற்று இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் மூணு தலைமுறை தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஊர் இது, கோலார் தங்கவயல்.

நைனா தொப்பி என்றுதான் சொல்வார், ஹெல்மெட் என்று சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். முன்பக்கம் விளக்கு மாட்டுகிற கொக்கி. உள்ளே தலையைச் சுற்றி வருகிற தோல்பட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருக்கும். வேர்வை காய்ந்து காய்ந்து படிந்தது. சின்ன வயசில் அதை நாக்கால் தொட்டுப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். விளக்கின் பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அதன் ஆசிட் கசிந்து சட்டையில் ஓட்டை விழும். எங்கள் லைன் வீடுகளில் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே யார் வீட்டில் அண்டர்கிரவுண்ட் ஆள் என்று சொல்லிவிடலாம்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஷாப்ட் கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து, லேம்ப் ரூமில் விளக்கைக் கொடுத்துவிட்டு நைனா வெளியே வருவார். வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நிற்பார். பேச மாட்டார், பீடி பற்றவைக்க மாட்டார். ஒரு நிமிஷம் இருக்கும். நெற்றியில் தோல்பட்டை அழுத்திய தடம் சிவப்பாகத் தெரியும். அப்புறம்தான் என் தலையில் கை வைப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் செய்த காரியம் மூச்சு விட்டதுதான் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஓடிய காலத்தில் ஒரே கேஜில் அடிவரை போய்விட முடிந்ததில்லை. இறங்கி, நடந்து, இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தது. கீழே பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். மேலிருந்து அனுப்புகிற காற்றும் இறங்க இறங்கத் தன் பாரத்தில் தானே அமுங்கிச் சூடாகும், கிலோமீட்டருக்கு 10 டிகிரி கணக்கில். அதனால் காற்றைக் குளிரவைத்து இறக்கப் பெரிய மிஷின்கள் ஓடின. பாறை அழுத்தம் தாங்காமல் தெறிப்பதை அந்தக் காலத்தில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். வெடித்தது பாறை, பழி காற்றுக்கு. பேரனுடைய லேத்துக்கும் எங்கள் அடி லெவலுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கேயாவது கடல் இருக்கிறது.

விண்வெளிக்கும் சுரங்கத்துக்கும் உறவு நான் இப்போது கட்டுவது அல்ல. ஜே.எஸ். ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்களைக் கொல்வது எந்த வாயு என்று வாழ்நாளெல்லாம் தேடியவர். கீழே போகும்போது கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துப் போங்கள், அது சாய்ந்தால் நீங்கள் வெளியே ஓடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதே ஹால்டேன்தான் கடைசிக் காலத்தில் ராபர்ட் டேவிஸோடு சேர்ந்து, மார்க் ரிட்ஜ் என்ற பலூன்காரருக்காக உயரத்தில் அணியும் அழுத்த உடை ஒன்றை உருவாக்கினார். 1933இல் லண்டனில் சோதித்துப் பார்த்தார்கள். இன்றைய விண்வெளி உடைக்கு அது ஒரு பாட்டன். ஆக, சுரங்கத்துக்குக் குருவி கொடுத்த கைதான் ஆகாயத்துக்குச் சட்டை தைத்தது.

எங்கள் ஊரிலும் ஆகாயத்தைத் தேடிக் கீழே இறங்கியவர்கள் உண்டு. டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து இங்கே 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கிற நியூட்ரினோவை 1965இல் கண்டார்கள். மற்ற கதிரையெல்லாம் தலைக்கு மேலிருக்கும் பாறை தடுத்துவிடும், இது மட்டும் ஊடுருவி வரும் என்பது கணக்கு. படித்தவர்களுக்கும் அதே தொப்பி, அதே வேர்வை. பாறையைத் துளைத்து வருவது எது என்று அவர்கள் பார்த்தார்கள். பாறையைத் துளைத்ததில் பறந்தது எங்கே போனது என்பது எங்கள் பக்கத்துக் கதை.

அதைப் பையனிடம் இப்படிச் சொன்னேன். “நிலாவுல நடந்தவங்க ஹெல்மெட்ட எங்க கழட்டுனாங்க தெரியுமா?”

“வண்டிக்குள்ள வந்து.”

“கழட்டுனதும் என்ன வாசனை வந்துச்சாம்?”

அதற்கு அவன் விளையாட்டில் பதில் இல்லை. உடையில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த நிலாத் தூசி, அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்தாற்போல இருந்தது என்றார் ஆம்ஸ்ட்ராங். வெடித்துத் தீர்ந்த மருந்து வாசனை என்றார்கள் மற்றவர்கள். நைனா சட்டையை அம்மா முகர்ந்து பார்க்காமலே சொல்வாள், மருந்து வாசனை என்று. 1972 டிசம்பரில் அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட் தொழிலால் புவியியலாளர், கல்லோடு பழகியவர். அவருக்கே அந்தத் தூசியில் மூக்கடைத்துக்கொண்டது. நிலாவில் காற்றும் மழையும் இல்லாததால் தூசியின் முனை மழுங்குவதில்லை. புதுசாக உடைந்த கல்லின் கூர் அப்படியே நிற்கும்.

புதுசாக உடைந்த கல். எங்கள் ரீப், அதாவது தங்கம் ஓடும் பாறை வரி, வெள்ளைக் குவார்ட்ஸ். ட்ரில் போட்டால் மாவாக எழும். தண்ணீர் விட்டுத் துளைக்கிற வழி வருவதற்கு முன்னால் அந்த மாவு நேரே நெஞ்சுக்குப் போனது. 1940களில் இங்கே 7,000 பேருக்கு மேல் சோதித்துப் பார்த்ததில் பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. நான் பையனாக இருந்தபோது சாயங்காலம் லைனில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை இருமல் கேட்கும். இருமலை வைத்தே ஆளைச் சொல்வோம். அதை நாங்கள் வியாதி என்று நினைத்ததில்லை, வயசானவர்களின் குரல் என்று நினைத்தோம்.

அவர்கள் யாரும் காற்றில்லாத இடத்துக்குப் போகவில்லை. ஆக்சிஜன் இருந்தது, அழுத்தம் இருந்தது, சூடு தாங்கிக்கொண்டார்கள். பையன் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் எல்லாம் சரி, கழற்றலாம். கேனரிக் குருவியைக் கூடவே கொண்டுபோயிருந்தாலும் பாடிக்கொண்டே இருந்திருக்கும். விளையாட்டு நேர்மையானது என்றுகூடச் சொல்வேன். கூடாத இடத்தில் கழற்றினால் அங்கேயே ஆள் காலி. அதில் மறைக்க ஒன்றுமில்லை. பாறைமாவு அப்படிச் செய்வதில்லை. கல்யாணம் பண்ண விடும், பிள்ளை பெற விடும்.

இதையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேனா என்றால் இல்லை. பாதி சொன்னேன். அவன் கண் திரையில் இருந்தது. ஆரஞ்சு உடைக்காரன் லேத் கரையில் நின்று கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தான். பின்னால் ஜூல் அரை வானத்தை அடைத்து நின்றது.

“சரி, கழட்டவா வேணாமா?”

“கொஞ்சம் பொறு.”

“எவ்ளோ நேரம்?”

“இருபது வருஷம்.”

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அந்த விளையாட்டில் நேரத்தை ஓட்டுகிற வசதி உண்டு, ஒரு லட்சம் மடங்கு வரை. அவர்களுடைய வருஷம் நம்முடையதைவிடச் சின்னது. விரல் விட்டு எண்ணி, “அரை மணி ஆவும் தாத்தா” என்றான். பொத்தானைத் தட்டிவிட்டு, தோசை வேண்டுமென்று அடுப்படிக்குப் போய்விட்டான்.

திரைக்கு முன்னால் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். சூரியன் எழுந்தது, விழுந்தது, எழுந்தது. கொஞ்ச நேரத்தில் பகலும் ராத்திரியும் பிரித்துச் சொல்ல முடியாத படபடப்பாகிவிட்டது. ஜூல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தச் சின்ன ஆள் தொப்பியோடு நின்றுகொண்டே இருந்தான்.