ஜிபிஎஸ் கடிகாரமும் பிளக்கின் மூன்றாவது ஓட்டையும்

நம் வயதுக்காரர்களுக்கு நேரம் காது வழியாகத்தான் வந்தது. ஆகாசவாணியில் செய்திக்கு முன்னால் ஒலிக்கும் 'பீப்' சத்தத்தைக் கேட்டுத்தான் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருத்துவோம். டெலிபோன் உள்ள வீடுகளில் 174-ஐச் சுழற்றினால் ஒரு குரல் மணி சொல்லும். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த எண் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்கும் முந்தைய காலத்தில் ஊருக்கெல்லாம் நேரம் சொன்னது நம் சென்னைதான். நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் அமைத்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த வானாய்வகத்தில் இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் மெட்ராஸ் நேரத்தைக் கணக்கிட்டார். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால். பின்னாளில் ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, ஊருக்கு ஊர் வேறு வேறு மணி இருந்தால் வண்டி ஓட்ட முடியாது என்று, இந்த மெட்ராஸ் நேரத்தையே பொது நேரமாக வைத்துக்கொண்டார்கள். தந்திக் கம்பி வழியாக அது நாடெங்கும் போனது.

1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் என்று ஆனது. மெட்ராஸ் கடிகாரங்கள் 8 நிமிடம் 46 வினாடி முன்னே தள்ளப்பட்டன. நம் காஞ்சிபுரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பார்த்தால் கடிகாரத்தில் 12 மணி 11 நிமிடத்துக்கு. உச்சிக்காலம் என்று பெரியவர்கள் நிழலைப் பார்த்துச் சொன்னதற்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்போது நேரம் வானத்திலிருந்து வருகிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், கீழே உள்ள சின்னக் கருவி தான் எங்கே இருக்கிறோம் என்பதையும், இப்போது என்ன நேரம் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டுவிடும். மேலிருந்து அலை இறங்கி வரும் நேரத்தையும் அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். இந்தக் கருவி தீப்பெட்டி அளவுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நுங்கம்பாக்கத்துத் தூணில் தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு துல்லியமாகச் சொல்லும்.

செவிலிமேட்டில் எங்கள் பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். ஓய்ந்த நேரத்தில் புடவைக்கு டிசைன் போட்டுத் தருவார். அதற்காகத் தவணையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் உண்டு. பின்பக்கம் 9 ஊசி வைத்த சீரியல் போர்ட் இருக்கும் வகை. பையன் ஒரு ஜிபிஎஸ் மாட்யூலை வாங்கி வந்து, "தாத்தா, இத அப்பாவோட கம்ப்யூட்டர்ல மாட்டி, காலேஜ் லேபுக்கு டைம் குடுக்கிற மாதிரி புராஜெக்ட் பண்ணப் போறேன். நாலு ஒயர்தான், நேரா சொருகிடலாமா?" என்று கேட்டான்.

"சொருகாத. மொதல்ல மீட்டர் எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கெட்டால் அந்த வீட்டுக்கு மாத வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தோம்.

முதலில் மாட்யூல். அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்து, தகவல் அனுப்பும் பின்னில் மீட்டரை வைத்தோம். பேசாமல் சும்மா இருக்கும்போது அங்கே பிளஸ் 3.3 வோல்ட். அடுத்து கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில், தகவல் அனுப்பும் 3-ஆம் பின். சும்மா இருக்கும்போது அங்கே மைனஸ் 11 வோல்ட். பையன் மீட்டரின் ஒயரை மாற்றிப் பிடித்துவிட்டோமோ என்று பார்த்தான். மாற்றிப் பிடிக்கவில்லை. அதன் முறையே அப்படி.

1960-ல் அமெரிக்காவில் வகுத்த ஆர்எஸ்-232 என்ற விதிப்படி, இந்தப் போர்ட்டில் 'ஒன்று' என்பது மைனஸ் வோல்ட், 'பூஜ்யம்' என்பது பிளஸ் வோல்ட். 3-லிருந்து 15 வோல்ட் வரை இருக்கலாம். மாட்யூலில் 'ஒன்று' என்பது பிளஸ் 3.3, 'பூஜ்யம்' என்பது 0. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மைனஸ் 48 வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது புதிதில்லை. கம்பி துருப்பிடித்து அரிக்காமல் இருக்கத்தான் அங்கே பிளஸ் முனையை எர்த் செய்து வைத்தார்கள். ஆனால் 3.3 வோல்ட்டுக்குப் பிறந்த மாட்யூலின் வாயில் மைனஸ் 11-ஐ ஊற்றினால் அது பிழைக்காது.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் மேக்ஸ்3232 என்ற சிப். 3.3 வோல்ட்டை வாங்கி, கூடவே இருக்கும் நான்கைந்து சின்னக் கெப்பாசிட்டர்களில் நிரப்பி நிரப்பி, தேவையான பிளஸ், மைனஸ் வோல்ட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சிறு பலகையில் பொருத்தியே விற்கிறார்கள். அதன் அண்ணன் மேக்ஸ்232 5 வோல்ட்டில் ஓடுவது, இந்த வேலைக்கு வேண்டாம். மேக்ஸ்3232-க்கும் 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 5 கொடுத்தால் அது மாட்யூல் பக்கம் 5 வோல்ட்டைத் தள்ளும்.

பையனின் அப்பா தறியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப கோர்வை மாதிரின்னு சொல்லுங்க. உடலு ஒரு கலரு, கரை ஒரு கலரு. நடுவுல ஒருத்தன் ஒக்காந்து வாங்கிக் குடுத்தாத்தான் சேரும்" என்றார். நான் இவ்வளவு நேரம் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

அடுத்த சோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிக்கும் வெளியே தரைக்குள் இறங்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். 108 காட்டியது. எழுத்துப் பிழை இல்லை, நூற்றெட்டுதான்.

"ஆமா சார், தொட்டா சுர்ருங்கும். பழகிடுச்சு" என்றார் அவர். சொல்லும்போது குழித்தறியின் பள்ளத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பள்ளத்து மண் எப்போதும் ஈரம். எழுந்து வந்து அந்தக் காலோடுதான் கம்ப்யூட்டரைத் தொடுவார்.

இதன் காரணம் எளிது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து பெட்டிக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அதில் கசிவது பூமிக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230-ல் ஏறக்குறைய பாதி பெட்டியிலேயே நின்றுவிடும். அதன் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் 'சுர்' என்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே வேறு பழுது வந்து ஃபேஸ் நேராகப் பெட்டியைத் தொடுமானால், அதைத் தடுக்க அந்த வீட்டில் எதுவுமே இல்லை. ஈரக் காலோடு தொடுகிறவர்தான் எர்த்.

மாட்யூலுக்கும் இது எமன். வேறு எங்கேயோ பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கருவியை இந்தப் பெட்டியோடு இணைக்கும் நொடியில், அந்த 108 வோல்ட் 3.3 வோல்ட் சிப் வழியாகத்தான் பாயும். பலர் "மாட்யூல் மட்டமான சரக்கு, மாட்டியதும் போச்சு" என்று சொல்வது இப்படித்தான்.

பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தோம். மேலே உள்ள பெரிய மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. ஓட்டை இருக்கிறது, எர்த் இல்லை. வீடு கட்டியபோது யாரோ விட்டுவிட்ட வேலை. புராஜெக்ட்டை அப்படியே நிறுத்தி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்தோம். கொல்லைப்புறத்தில் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் அமைத்தார். பாலாற்றங்கரை மண் மணல் கலந்தது, சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியரில் வெட்டிவிடும் ஆர்சிசிபி ஒன்றும் மெயினில் வைத்தார். பிறகு அதே மீட்டர், அதே இடம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. செலவு மாட்யூலின் விலையைப் போலப் பல மடங்கு. அப்பா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அதன் பிறகு இணைப்பு அரை மணி வேலை. கம்ப்யூட்டரை அணைத்தோம். மாட்யூலுக்கு வேறு அடாப்டர் வைக்காமல், அதே கம்ப்யூட்டரின் யுஎஸ்பி-யிலிருந்தே கரண்ட் எடுத்தோம். இரண்டு இடத்திலிருந்து கரண்ட் வந்தால்தான் வம்பு. முதலில் கிரவுண்ட் ஒயர், சீரியல் போர்ட்டின் 5-ஆம் பின்னுக்கு. அடுத்து மாட்யூல் பேசும் ஒயர், மேக்ஸ்3232 வழியாக 2-ஆம் பின்னுக்கு. கம்ப்யூட்டர் பேசும் 3-ஆம் பின்னை மாட்டவே இல்லை. மாட்யூல் யாரும் கேட்காமலே வினாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும், அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாட்டாத ஒயரால் எதுவும் கெடாது.

முக்கியமானது நான்காவது ஒயர். மாட்யூல் அனுப்பும் எழுத்துத் தகவல் 'இது எத்தனையாவது வினாடி' என்று சொல்லும், ஆனால் நிதானமாக, முன்னே பின்னே வந்து சேரும். வினாடி பிறக்கும் அந்தக் கணத்தைச் சொல்ல ஒரு தனித் துடிப்பு உண்டு. அதைப் பிபிஎஸ் என்பார்கள். பஞ்சாங்கத்தில் நேரம் போட்டிருந்தாலும் கோவிலில் மணி அடிக்கும்போதுதானே கும்பிடுகிறோம், அப்படி. இந்தத் துடிப்பையும் மேக்ஸ்3232-ன் இன்னொரு வாசல் வழியாக 1-ஆம் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கும்போதே பிபிஎஸ் பின் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில பலகைகளில் இருக்காது. சீரியலை யுஎஸ்பி-யாக மாற்றும் ஒயரில் இந்தத் துடிப்பு ஒரு மில்லி செகண்ட் அளவுக்குத் தடுமாறும். பழைய கம்ப்யூட்டருக்கு மதிப்பு இங்கேதான்.

ஒரு நுணுக்கம். மேக்ஸ்3232 சமிக்ஞையைத் தலைகீழாக்கும். மாட்யூலில் ஏறுகிற துடிப்பு, போர்ட்டில் இறங்குகிற துடிப்பாகத் தெரியும். எனவே மென்பொருளில் 'இறங்கும் விளிம்பைப் பார்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது துடிப்பின் முடிவைத் தொடக்கம் என்று எண்ணும். எங்கள் மாட்யூலின் துடிப்பு நீளம் 100 மில்லி செகண்ட். கடிகாரம் அழகாக, நிலையாக, பத்தில் ஒரு வினாடி தப்பாக ஓடும். நிலையாக ஓடுவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

முதல்முறை போட்டதும் கால் மணி நேரம் காத்திருங்கள். ஜிபிஎஸ் நேரம் நம் கடிகார நேரத்தைவிட இப்போது 18 வினாடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி வானிலிருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஆன்டெனாவை மொட்டை மாடியில் உயரக் கம்பத்தில் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வானம் தெரிகிற ஜன்னல் ஓரமே போதும். இடி மழை என்றால் ஒயரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. நம் ஊர்க் கோடை இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பையனின் புராஜெக்ட் ஓடுகிறது. ஆனால் வாசக நண்பர்கள் பெரும்பாலோருக்கு ஜிபிஎஸ் மாட்யூலால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பேரனின் கம்ப்யூட்டர், எதைத் தொட்டாலும் 'சுர்' என்றால் பழகிக்கொள்ளாதீர்கள். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, அது பூமிக்குள் போகிறதா என்று தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை மூன்றாவது ஓட்டைக்கு இழுத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அது எர்த் இல்லாததைவிட ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு 230-ம் பெட்டிக்கு வந்துவிடும். அப்படிச் செய்ய வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.