இரண்டு ஊசி

சென்ற கோடை விடுமுறையில், கோலார் தங்கவயலில் எங்கள் தெருச் சிறுவர்களுக்குத் தோல் தைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராய் நுழைய வேண்டும்.

"எம்.எஸ்ஸி. படிக்கிறவன் செய்யற வேலையாடா இது?" என்றாள் அம்மா. சுரங்கத் தொழிலாளியான தாத்தா மாலையில் செருப்புத் தைத்ததால், பள்ளியில் அவள் பட்ட கேலியை நான் அறிவேன். 1910இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகளே செருப்புத் தைத்தார், பிறருக்கும் கற்பித்தார் என்றேன்.

"அவர் தைச்சா தொண்டு, நாம தைச்சா சாதி."

என்னிடம் விடையில்லை. சிறுவர்களிடம் திரும்பி, நடுவில் ஒரு தையலை அறுத்துக் காட்டினேன். நூலின் மறுபாதி பிடித்துக்கொண்டது, தையல் பிரியவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

2001இல் சுரங்கம் மூடிய நாள் முதல் பெட்டியில் கிடந்த தாத்தாவின் குத்தூசியை, மறுநாள் காலை அவளே எடுத்துத் தந்தாள்.