மிதக்காத கல்

எங்கள் ஊர் திருக்கோஷ்டியூர். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகிற பஸ்ஸில் ஏறினால் வரும். (திருப்பத்தூர் என்றதும் ஜோலார்பேட்டை பக்கம் போய்விடாதீர்கள். இது எங்கள் சீமைத் திருப்பத்தூர்.) ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திர உபதேசம் வாங்கிய ஊர். வெளியே சொன்னால் உனக்கு நரகம் என்று நம்பி எச்சரித்ததையும், இவர் நேராகப் போய்க் கோயில் மேலே ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னதையும் உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது. கால் நூற்றாண்டாகக் கட்டிக் காத்தது. மேலே ஏறிச் சொல்ல முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.

2000-ஆம் வருஷம். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. காமர்ஸ்காரனுக்கு எஸ்கர்ஷன் என்றால் அதிகபட்சம் ஏதாவது ஒரு மில்லைக் காட்டிவிட்டு மதியம் புளியோதரை கொடுப்பார்கள். விலங்கியல் பசங்களுக்கோ ஐந்து நாள் ராமேஸ்வரம் தீவு! பாம்பனில் தங்கல், தினமும் கடல், ஒரு நாள் படகில் குருசடைத் தீவு. என் அறைத் தோழன் விலங்கியல். அவன் பெட்டி கட்டுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. எனக்கு அப்போது வயது பத்தொன்பது. அதுவரை கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் ஒரே ஒரு தடவை, அதுவும் மொட்டை போட்ட அழுகையின் நடுவே.

விலங்கியல் பேராசிரியரிடம் போய், "சார், நானும் வரேன். கணக்கு வழக்கு எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். போடா என்றார். மறுநாளும் போனேன். ராமானுஜருக்குப் பதினெட்டு தடவை ஆயிற்று. எனக்கு ஐந்தாவது தடவையே பலித்துவிட்டது. கணக்குப் பார்க்க அவருக்கும் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மீட்டர் கேஜ் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. 1914-இல் திறந்த பாலம். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். ஜன்னல் வழியே கீழே பார்த்தால் பாலம் தெரியாது, தண்ணீர்தான். பெட்டியில் பாதிப் பேர் கோவிந்தா போட்டார்கள். மீதிப் பேர் காசு எறிந்தார்கள். நான் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயல் அப்படியே விழுங்கிய கதையை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா சொல்லி அனுப்பிய வழித்துணைக் கதை அது. பாருங்கள், என்ன ஒரு நல்ல மனசு!

தீவு வாழ்க்கை என்றதும் தென்னை மரமும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். நாங்கள் இருபது பேர் ஒரே ஹாலில் பாயில் படுத்தோம். காற்று ராத்திரியெல்லாம் ஓட்டைப் பிடித்து ஆட்டியது. சோற்றில் மணல். டீயில் உப்பு. காலையில் எழுந்தால் உதட்டை நாக்கால் தடவினால் போதும், ஊறுகாய் வேண்டாம். ஆனால் அந்த ஐந்து நாள் மாதிரி நான் அப்புறம் எங்கேயும் இருந்ததில்லை.

முதல் இரண்டு நாளில் ஒரு புது பாஷையே கற்றுக்கொண்டேன். பவளப்பாறைத் திட்டுக்குப் பெயர் பார். தண்ணீர் இறங்கினால் வத்தம், ஏறினால் ஏத்தம். காலண்டரில் நாங்கள் ராகு காலம் பார்ப்பதுபோல் அங்கே வத்தம் பார்த்துத்தான் எல்லாக் காரியமும். சின்னப்பாலத்துப் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிப் பாசி எடுத்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர் மட்டும்தான் வாசனையாக இருக்கிறது. அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஒரு அக்கா விரல் துணியை அவிழ்த்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் பிளேடால் கீறியது மாதிரி. "பாரு கிழிக்கும் தம்பி, நாம அதைப் பிய்க்கறோம்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்றாம் நாள் குருசடை. வனத்துறை அனுமதிக் கடிதம் சார் பையில் பத்திரமாக இருந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். 1986-இல் அவற்றைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் வளைகுடா முழுவதும் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. குருசடை அதில் ஒன்று. மொத்தமே 160 ஏக்கர் சொச்சம். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கண்மாய் அதைவிட அகலமாக இருக்கும். கடலோரக் கிறிஸ்தவ ஊர்களில் சிலுவை நட்ட சின்னக் கோயிலைக் குருசடி என்பார்கள், பெயர் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்தக் கையகலத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் ஒரு முழுப் புத்தகம் போட்டிருக்கிறது என்றார் சார். இறங்கின அரை மணி நேரத்தில் காரணம் புரிந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஜந்து. நட்சத்திர மீன். முள்ளம்பன்றியைச் சுருட்டி வைத்ததுபோல் கடல் முள்ளெலி. ரப்பர் வெள்ளரிக்காய் மாதிரி கடல் அட்டை. அதில் சில வகை, ரொம்பத் தொந்தரவு செய்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுப் போய்விடுமாம். பிறகு புதுசாக வளர்த்துக்கொள்ளுமாம். கடன்காரனிடம் தப்பிக்க இதைவிட நல்ல வழி எங்கள் மெர்க்கன்டைல் லா புத்தகத்தில் இல்லை.

அப்புறம் பலனோகிளாஸஸ். விலங்கியல் பசங்கள் இதற்காகத்தான் தவம் கிடந்தார்கள். மணலில் பற்பசை பிதுக்கின மாதிரி சுருள் சுருளாகக் கிடந்தால் அதன் கீழே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பொறுமையாகத் தோண்டினால், மஞ்சளாக, வழவழவென்று ஒரு புழு. முதுகெலும்பு இல்லாத பிராணிகளுக்கும் நமக்கும் நடுவில் உறவு சொல்கிற தூரத்துப் பங்காளி என்று இருபது நிமிடம் லெக்சர். முகர்ந்து பார்த்தேன். அசல் ஆஸ்பத்திரி வாசனை. அயோடோபார்ம் மாதிரி என்றார் சார். பசங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. பார்த்துவிட்டு, அதை அதன் குழியிலேயே விட்டோம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் எடுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, செத்த சங்கைக்கூடப் பையில் போடக் கூடாது என்று படகில் ஏறும்போதே சார் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நான் எடுத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கரைக்குப் போனபோது, நான் மட்டும் பார் மேலே இன்னும் கொஞ்ச தூரம் போனேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் தேங்காய் மூடி அளவில், கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பவளம். தேன் கலர். மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொறித்திருந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. இவ்வளவு தூரம் வந்தேன், கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போவது என்கிற மிடில் கிளாஸ் புத்திதான். செருப்புக் காலால் இரண்டு உதை. மூன்றாவதில் பெயர்ந்து வந்துவிட்டது. துண்டில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தால், முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்திருக்கிறது. ஏத்தம்! வந்த வழி தெரியவில்லை. ஒரு செருப்பு போய்விட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. கத்தவும் பயம், கையில் திருட்டுப் பொருள்.

படகுக்காரர்தான் பார்த்துவிட்டு வந்தார். அறுபதை ஒட்டிய வயசு. அவசரமே இல்லாமல், கண்மாய்க் கரையில் நடப்பதுபோல் தண்ணீரில் நடந்து வந்து என் கையைப் பிடித்தார். துண்டைப் பார்த்தார். துண்டு வடிவத்தைப் பார்த்தாலே தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. பாதி தூரம் வந்ததும் நானே, "அண்ணே, சார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்லப் போறேன் தம்பி" என்றார். "எங்கப்பாவும் நானும் வள்ளம் வள்ளமா வெட்டி ஏத்திருக்கோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னைக் கேக்குறது?"

அவர் என்னை மிரட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அடுத்த நாள் ராத்திரி ஹாலில் நாற்றம் கிளம்பியது. எலி செத்துவிட்டதென்று ஆளாளுக்குத் தேடினார்கள். நாற்றம் நேராக என் பைக்கு வழி காட்டியது. விஷயம் இதுதான்: நான் கல் என்று நினைத்தது கல்லே இல்லை. கல்லுக்கு மேலே தோல் மாதிரிப் படர்ந்திருந்த ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உயிர்கள். அந்த நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு வாய். எல்லாம் என் துண்டுக்குள்ளேயே செத்து அழுகியிருந்தன.

சார் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஸ்கேலை எடுத்து அளந்தார். "அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர். உயரம் ஆறு. இந்த ஜாதி வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர், மிஞ்சிப்போனா ஒரு சென்டிமீட்டர் வளரும். நீ காமர்ஸ்தானே? கணக்குப் போடு."

போட்டேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வருஷம்.

"நடுவுல வச்சுக்குவோம். நீ நாலாப்பு படிக்கறப்ப இது கடுகு சைஸ்ல வந்து உட்கார்ந்திருக்கு. எடுக்க எத்தனை நேரமாச்சு?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"டெப்ரிசியேஷன் எப்படிப் போடுவே?"

இருபது பேரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. திருப்பிக் கடலில் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "உயிர் வருமா? போட்டுட்டா நீ மறந்துடுவே. வச்சுக்கோ" என்றார். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறியதும் அது எலும்பு மாதிரி வெள்ளையாகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

ஊருக்குக் கொண்டுவந்தேன். ராமேஸ்வரத்திலிருந்து வந்த கல் என்றதும் அம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. அங்கே கோயில்களில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, ராமர் பாலத்துக் கல் என்று காட்டுவார்களே, அதேதான் இது என்று முடிவு கட்டிவிட்டார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, சூடம் காட்டி உள்ளே விட்டார்கள். டொப்பென்று அடியில் போய் உட்கார்ந்தது.

"எடுத்துட்டு வந்தவன் பாவம் கனக்குது போல" என்றார் அம்மா, சும்மா விளையாட்டாக. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிதக்காவிட்டால் என்ன, ராமேஸ்வரத்துக் கல்தானே என்று அது சாமி அலமாரிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம்.

அடுத்த வருஷமே, 2001-இல், பவளங்களையும் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். பேப்பரில் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சாமி அலமாரிதான்.

அதற்குப் பிறகு பத்திரிகைக்காரனாகி, மன்னார் வளைகுடா பற்றி எந்தச் செய்தி வந்தாலும் தேடித் தேடிப் படிப்பவனாகிவிட்டேன். வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்பது இன்றைக்குப் பழைய கணக்கு. வளர்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற பாசி, குருசடைப் பவளங்கள் மேலேயே போர்வையாகப் படர்ந்து மூச்சை அடைப்பதாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளம் தனக்குள் வைத்திருக்கிற நுண்பாசியை வெளியேற்றிவிட்டு, பார் பாராக வெளுத்தது. அந்தப் பாசிதான் அதற்குச் சோறும் நிறமும். அந்தப் போட்டோக்களைப் பார்த்தபோது திடுக்கிட்டது. அந்த வெள்ளை எனக்குத் தெரிந்த வெள்ளை.

இத்தனைக்கும் நடுவே என் தேங்காய் மூடி எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். படகுக்காரரின் முகம்தான் குறுக்கே வருகிறது. வயிற்றுப் பாட்டுக்கு வெட்டியவர் அவர். எனக்கு என்ன பசி?

போன லீவில் ஊருக்குப் போயிருந்தோம். பிளஸ் டூவில் பயாலஜி எடுத்திருக்கிற என் பெண், சாமி அலமாரியைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கோரல். வீட்ல வச்சிருக்கக் கூடாது தெரியுமா? எப்படி வந்துச்சு?" என்றாள். அம்மா பெருமையாக, "உங்கப்பன் ராமேஸ்வரத்துலேருந்து கொண்டாந்தது" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். செருப்பால் உதைத்ததிலிருந்து, செத்த நாற்றம் வரை. அம்மாவுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உசுரா இருந்துச்சா?" என்றார்.

"ஆமாம்மா."

"இருபத்தஞ்சு வருஷமா ஒரு பொணத்துக்கா பொட்டு வச்சேன்?"

பெண்தான், "அப்பத்தா, வனத்துறைல எழுதிக் குடுத்து ஒப்படைச்சிடலாம்" என்றாள். அம்மா எழுந்து போய்க் கல்லைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். மேலே இருந்தது போயிற்று. அந்த நட்சத்திரக் குழிகளுக்குள் இறங்கிய குங்குமம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அப்படியே ஒரு பழைய துண்டில் சுற்றி என் பையில் வைத்துவிட்டார்.

வருகிற வாரம் ராமநாதபுரம் போகிறேன். ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.