அகராதியும் ரிவால்வரும்

துப்பாக்கிக்குப் பேர்போன ஸ்பிரிங்ஃபீல்டில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதே வியாபாரிகளுக்குப் பெரும் புதிர்

கனெக்டிகட் நதியின் கிழக்குக் கரையில் ஏறிச் செல்லும் மேட்டின்மீது வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். நடுவே பரந்த புல்வெளி. புத்தகப் பையோடு நடக்கும் மாணவர்கள். பார்த்தவுடன் கல்லூரி என்றே தோன்றும். பாதி உண்மை அதுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரின் இந்த வளாகத்தில் இப்போது தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று நடக்கிறது. மீதிப் பாதி அருங்காட்சியகம். 1777ல் புரட்சிப் படைகளுக்கான ஆயுதக் கிடங்கு அமைந்த இடம் இது. 1794 முதல் 1968ல் மூடப்படும்வரை அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கிகள் இங்கேதான் தயாராயின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் தோளில் தொங்கிய எம்1 கேரண்ட் ரைஃபிள் இங்கே உருவானதுதான். 1843ல் புது மனைவியோடு இதைப் பார்க்க வந்த கவிஞர் லாங்ஃபெல்லோ, அடுக்கி நிறுத்தப்பட்டிருந்த துப்பாக்கிகள் தேவாலய ஆர்கனின் குழல்களைப் போலத் தோன்றியதை வைத்துப் போருக்கு எதிராக ஒரு கவிதையே எழுதிவிட்டார்.

இதற்கு அருகிலேயே இன்னொரு பழைய நிறுவனம் இருக்கிறது. அது மெரியம்-வெப்ஸ்டர், அமெரிக்க ஆங்கிலத்தின் அகராதிக்காரர்கள். ஒரே ஊரில் ஒரு பக்கம் ஆயுதம், மறுபக்கம் சொற்பொருள். இந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கி விற்பவர்களின் பிழைப்பும் ஏறக்குறைய இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

மத்திய அரசின் 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று என்று பழகிய இந்தியர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு தலைசுற்ற வைக்கும். அங்கே மத்திய சட்டம் ஓர் அடித்தளம்தான். அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி கட்டடம் எழுப்பிக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் எழுப்பியிருப்பது உயரமான கட்டடம். இங்கே கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். உள்ளூர் போலீஸ் தலைவரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமத்தோடு கடைக்கு வந்தவர் பெரிய தடையைத் தாண்டிவிட்டதாக நினைக்கிறார். கடைக்காரரின் கவலையோ அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வாங்குபவர் யார் என்பது தெரிந்துவிட்டது. விற்கும் பொருள் எது?

முதல் பதில் 1998ல் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை ஒரு பட்டியலை வெளியிடுகிறது. அதில் இடம்பெற ஒவ்வொரு மாடலும் சோதனைச்சாலைக்குப் போக வேண்டும். முதல் 20 குண்டுகள் தடங்கலே இல்லாமல் வெடிக்க வேண்டும். மொத்தம் 600 குண்டுகள் சுடும்போது கோளாறுகள் ஆறைத் தாண்டக்கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தில் பல கோணங்களில் போட்டாலும் தானாக வெடிக்கக்கூடாது. உலோகம் 900 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகுவதாக இருந்தால் அதற்கும் இடமில்லை. மலிவான உலோகத்தில் வார்த்த, கையிலேயே வெடித்துவிடக்கூடிய துப்பாக்கிகளைச் சந்தையிலிருந்து துரத்துவதே நோக்கம்.

பட்டியலில் பெயர் இருந்தால் விற்றுவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறது. அதன் சாவி மாநில அட்டர்னி ஜெனரலின் கையில். அவருடைய விதிமுறைகளுக்குத் தனிப் பட்டியல் எதுவும் கிடையாது, வாசகங்கள் மட்டுமே உண்டு. சராசரி ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாதபடி துப்பாக்கி அமைந்திருக்க வேண்டும். உதாரணமாக, விசையை இழுக்கக் குறைந்தது 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரை கிலோ விசை தேவைப்பட வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால், உள்ளே தோட்டா இருப்பதைத் தெளிவாகக் காட்டும் அடையாளமோ, மேகசினைக் கழற்றியதும் சுட முடியாமல் செய்யும் அமைப்போ இருக்க வேண்டும். குழல் மூன்று அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், குறி எவ்வளவு தவறும் என்பதையும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அட்டர்னி ஜெனரலுக்கு இதில் என்ன வேலை? பதில் வேடிக்கையானது. பொம்மை முதல் தொட்டில்வரை சோதிக்கும் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிமீது அதிகாரம் இல்லை. நாடாளுமன்றமே அப்படி விலக்கி வைத்திருக்கிறது. பொம்மைத் துப்பாக்கிக்கு மத்தியத் தரக்கட்டுப்பாடு உண்டு, நிஜத் துப்பாக்கிக்குக் கிடையாது. இந்த இடைவெளியைத்தான் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஸ்காட் ஹார்ஷ்பார்கர் 1997ல் பயன்படுத்திக்கொண்டார். குறையுள்ள மிக்ஸியை விற்பது நுகர்வோரை ஏமாற்றுவது என்றால் பாதுகாப்பில்லாத துப்பாக்கியை விற்பதும் அதேதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். துப்பாக்கித் தொழில்துறை வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 1999ல் விதிமுறைகள் செல்லும் என்றது. 2000 ஏப்ரல் முதல் அவை அமலுக்கு வந்தன. மீறும் வியாபாரிக்கு, மீறல் ஒன்றுக்கு 5,000 டாலர்வரை அபராதம் விதிக்கலாம்.

இரண்டு கதவுகளும் ஒரே அளவில் இல்லாததால்தான் சங்கடம். அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் சாதாரணமாகத் தொங்கும் ஆஸ்திரியத் தயாரிப்பான கிளாக் பிஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாடல்கள் முதல் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அட்டர்னி ஜெனரலின் விதிப்படி பொதுமக்களுக்கு விற்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. போலீசாருக்கு விற்கலாம். உரிமம் உள்ள தனிநபர் தன்னிடம் இருப்பதை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம், ஆண்டுக்கு நான்கு துப்பாக்கிகள்வரை. ஆக, மாநிலத்தில் கிளாக் உண்டு, கடையில்தான் இல்லை.

பழைய துப்பாக்கி என்றால் கதை மாறும். 1998 அக்டோபர் 21 அன்று மாநிலத்துக்குள் சட்டப்படி ஒருவரிடம் இருந்த துப்பாக்கிக்குப் பட்டியல் தடை இல்லை. எனவே ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிகள் மேஜைமேல் இருந்தால், ஒன்றை விற்கலாம், மற்றதை விற்கக்கூடாது என்ற நிலைகூட வரலாம். ஜாதகம் பார்ப்பது போலத் துப்பாக்கியின் பூர்வீகத்தை விசாரித்துத்தான் கடைக்காரர் விலை பேச முடியும். பக்கத்து மாநிலத்துக்குப் போய் வாங்கி வரலாமே என்றால் அதற்கு மத்திய சட்டம் குறுக்கே நிற்கிறது. வெளிமாநிலத்துக் கடையில் வாங்கும் கைத்துப்பாக்கி வாங்குபவரின் சொந்த மாநில வியாபாரி ஒருவர் வழியாகத்தான் கைக்கு வர வேண்டும்.

இந்தச் சிக்கலின் உச்சம் ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருக்கிறது. 1857ல் இங்கே தன் முதல் ரிவால்வரைத் தயாரித்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், தன் பிஸ்டல்களில் சொந்த மாநிலத்துக்கென்றே கனத்த விசை கொண்ட தனி ரகத்தைத் தயாரித்தது. மற்ற மாநிலங்களுக்குப் போகும் சாதாரண ரகத்தை, அதைச் செய்த தொழிலாளி தன் ஊர்க் கடையில் வாங்க முடியாது. 2000 மார்ச்சில் இந்த நிறுவனம் கிளின்டன் அரசோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. துப்பாக்கி ஆர்வலர்கள் கொதித்தெழுந்து புறக்கணித்ததில் விற்பனை சரிந்தது. அடுத்த ஆண்டே கம்பெனி கைமாறியது. 2021ல், சிலவகைத் துப்பாக்கிகளைத் தயாரிப்பதையே தடை செய்ய மாநிலத்தில் மசோதா வந்திருப்பதைக் காரணம் காட்டித் தலைமையகத்தை டென்னசிக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 2023ல் மாறியும் விட்டது. தொழிற்சாலையின் ஒரு பகுதி இங்கேயே தங்கிவிட்டாலும், நூற்றுக்கணக்கான வேலைகள் போனதை ஊர் மறக்கவில்லை.

இவ்வளவுக்கும் பலன் உண்டா? துப்பாக்கியால் சாவோர் விகிதம் மிகக் குறைவாக உள்ள அமெரிக்க மாநிலங்களில் ஒன்று மாசசூசெட்ஸ். ஆனால் அதில் உரிமக் கெடுபிடியின் பங்கு எவ்வளவு, பட்டியலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் பல, கட்டுப்பாடு குறைந்த மாநிலங்களிலிருந்து வந்தவை. கனத்த விசையால் குறி தவறும், மூட்டுவலி உள்ள முதியவரால் இழுக்கவே முடியாது என்பது எதிர்ப்பாளர்களின் கட்சி. அலமாரியில் அப்பா மறந்து வைத்ததை எடுக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள் என்பது ஆதரவாளர்களின் கட்சி. மற்ற மாநிலங்களுக்கும் இதே தலைவலி உண்டு. மேரிலாண்ட் 1988லேயே பட்டியல் முறைக்கு வந்தது. தோட்டாவில் அடையாளம் பொறிக்கும் தொழில்நுட்பம் வேண்டும் என்று கலிஃபோர்னியா விதித்த நிபந்தனையை 2023ல் மத்திய நீதிமன்றம் ஒன்று தடுத்து நிறுத்தியது.

மாசசூசெட்ஸில் சண்டை ஒரு சொல்லில் வந்து நின்றது. கிளாக்கில் தோட்டா ஏறியதும் பக்கவாட்டில் ஒரு சிறு கொக்கி லேசாக வெளியே துருத்தும். விதி கேட்கும் 'தெளிவான' அடையாளம் இதுதானே என்றனர் வியாபாரிகளும் வாங்குவோரும். இது போதாது என்றது அட்டர்னி ஜெனரல் அலுவலகம். அப்படியானால் விதியே மொட்டையாக இருக்கிறது என்று அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்காகத் தீர்ப்பை எழுதியவர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி டேவிட் சூட்டர். விதி புரியாத அளவுக்கு மொட்டையானதல்ல என்றார் அவர். அன்று அட்டர்னி ஜெனரலாக வழக்கை எதிர்கொண்ட மாரா ஹீலிதான், ஆளுநராகி 2024 ஜூலையில் இன்னும் கடுமையான துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். இதற்கிடையே 2022ல் உச்ச நீதிமன்றம் ஆயுத உரிமையை விரிவாக்கியதால் பழைய விதிகளும் புதிய கேள்விகளைச் சந்திக்கின்றன.

மேட்டின்மேல் உள்ள அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக் குழந்தைகளும் வருகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளின் துப்பாக்கிகள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. எந்தச் சுண்டுவிரலும் அவற்றின் விசையைத் தொட முடியாது. கண்ணாடி இல்லாத வீடுகளை நினைத்துத்தான் 'சராசரி ஐந்து வயதுக் குழந்தை' என்ற சொற்கள் விதிப் புத்தகத்தில் ஏறின. அவற்றுக்குப் பொருள் தேடும் பொறுப்பு மட்டும் கடைக்காரரின் தலையில் விழுந்திருக்கிறது.