தோளுக்கு ஏற்ற கட்டை

எனக்குச் சுடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. இருந்தாலும் மெல்பர்னில் என் நெருங்கிய நண்பர் ஒருவர் மான் வேட்டைக்காரராகிவிட்டதால், வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டேன். அவர் தேனிப் பக்கத்துக்காரர். குழல், தோட்டா, வேகம் என்று அடுக்கும்போது என் கவனம் எங்கோ போய்விடும். துப்பாக்கியைத் தோளில் தாங்கும் மரக்கட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்வேன். தச்சர் தெருவில் வளர்ந்தவனுக்கு இரும்பைவிட மரத்தின் மீதுதான் கண் போகும்.

ஊரில் நாம் செய்தித்தாளில் படித்த துப்பாக்கிக் கட்டை, ஆளை அடிக்கப் பயன்படும் பொருள். அது எதற்காக அந்த வடிவில் இருக்கிறது என்று யாரும் யோசித்திருக்க மாட்டோம். இங்கே அளவெடுத்துக் கட்டை செதுக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். நல்ல வால்நட் பலகையை வாங்கிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். நண்பரும் அப்படிக் காத்திருந்தவர்தான்.

அவருடைய முதல் துப்பாக்கி கடையில் அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்று. ஐந்தடி நாலங்குல மனிதர். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம் கடைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். சராசரி உடம்பு ஒன்றை மனத்தில் வைத்துச் செய்த கணக்கு அது. அவருக்கு அது நீளம். குளிர்காலத்தில் கனத்த கோட்டு வேறு போட்டுக்கொண்டால், தோளுக்குத் தூக்கும்போது கட்டையின் முனை அக்குளில் சிக்கும். கட்டை குட்டையாகிவிட்டாலோ வேறு தொல்லை. சுட்டவுடன் பின்னுக்கு உதைக்கும் துப்பாக்கியின் தொலைநோக்கி புருவத்தில் வந்து இடிக்கும். முனையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பது கடைகளில் வழக்கமாகச் செய்யும் சோதனை. கழுத்தின் நீளம், கன்ன எலும்பின் உயரம், மார்பின் அகலம் எதுவும் அதில் தெரியாது.

ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்பது ராணுவத்துக்கு நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. சிட்னியிலிருந்து மேற்கே நீலமலைகளைத் தாண்டிப் போனால் லித்கோ என்று ஒரு சிறு தொழில் நகரம் வரும். 1912 ஜூனில் அங்கே அரசின் சிறுபடைக்கலத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் தூக்கிச் சென்ற .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கிகளில் பலவற்றை அங்கேதான் செய்தார்கள். அந்தத் துப்பாக்கியின் பின்கட்டை தனித் துண்டு. சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டையானது ஒன்று, ஓர் அங்குலமே குட்டையான ‘பேன்டம்’ ஒன்று என நான்கு அளவுகள் இருந்தன. எந்த அளவு என்பதை மரத்திலேயே எழுத்தாகக் குத்தியிருப்பார்கள். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளிய காலத்திலும், ஆளுக்கு ஆள் தோள் வேறு என்பதை அந்தத் தொழிற்சாலை மறக்கவில்லை.

லித்கோ கட்டைகளின் மரக்கதையும் சுவையானது. ஆரம்பத்தில் அமெரிக்க வால்நட். பிறகு இறக்குமதியை நம்ப முடியாமல் குயின்ஸ்லாந்து மேப்பிளுக்கும், கிழக்குக் கரையின் ஈரக் காடுகளில் வளரும் கோச்வுட்டுக்கும் மாறினார்கள். கோச்வுட் மென்மையானது. உதையைத் தாங்கும் இடங்களில் மரம் நசுங்கிவிடாமல் இருக்கச் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். போர் முடிந்து மலிவாக வெளியே வந்த இந்த .303களைப் பண்ணைக்காரர்கள் வாங்கி, முன்கட்டையைப் பாதியில் அறுத்து, மிச்சத்தை இழைத்து வேட்டைத் துப்பாக்கியாக்கினார்கள். இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே கட்டை செதுக்கும் பயிற்சி கிடைத்தது ஒரு ரம்பத்திலும் ஓர் அரத்திலும்தான் என்று சொல்லலாம்.

அப்படி அறுத்த துப்பாக்கிகளில் ஒரு குறை தீரவே இல்லை. குழலின் மேல் தாழ்வாக உள்ள இரும்புக் குறியைப் பார்த்துச் சுடுவதற்காகச் செய்த கட்டை அது. கன்னம் பதியும் மேல்விளிம்பு தாழ்ந்து சரிந்திருக்கும். அதன் மீது தொலைநோக்கியைப் பூட்டினால் கண் மேலே போக வேண்டும். கண் மேலே போனால் கன்னம் மரத்தைவிட்டு எழும்பிவிடும். தலைக்குப் பிடிமானமே இல்லை. சரி, விளிம்பை உயர்த்திவிடலாமே என்றால், தோட்டாவை ஏற்றும் போல்ட் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதைக் கையால் தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது அது மேல்விளிம்பின் மூக்குக்கு மேலாகத்தான் வரும். அங்கே மரம் உயர்ந்திருந்தால் தட்டும். கண்ணும் போல்ட்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. போல்ட் ஆக்‌ஷன் கட்டையின் பாணிச் சண்டைகள் எல்லாம் இந்த ஒரு விரற்கடை இடத்திலிருந்து பிறந்தவைதான்.

சண்டையில் இரண்டு கட்சிகள். கலிஃபோர்னியாவின் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராய் வெதர்பியின் கட்சி, மேல்விளிம்பின் பின்பகுதியை மேடாக உயர்த்தியது. மான்டி கார்லோ என்று பெயர். மேடு முன்பக்கமாகச் சரிவதால், துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது மரம் கன்னத்தைவிட்டு விலகும் என்பது அவர்கள் வாதம். அதோடு கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு, இடையிடையே வெள்ளைக் கோடுகள், பதித்த வைர வடிவங்கள் என்று ஒரு கல்யாண வீட்டு ஆடம்பரமும் சேர்ந்துகொண்டது. எதிர்க்கட்சிக்கு ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் எழுதிய ஜாக் ஓ’கானர் குரல் கொடுத்தார். ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன் அவருக்குச் செதுக்கிய கட்டைகளில் மேல்விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடும். உதை நேராகத் தோளுக்குள் போகும். குழல் அதிகம் எகிறாது. எண்ணெய்ப் பூச்சு, ஒல்லியான முன்கட்டை, கைப்பிடியில் நுணுக்கமான கட்டக் கோடுகள். அவ்வளவுதான்.

என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. அதில் தெரியும் அழகு எதுவும் ஒட்டவைத்தது அல்ல. கைப்பிடியின் கட்டக் கோடுகள் ஈரக் கை வழுக்காமல் இருப்பதற்கு. அடிவிளிம்பு பின்முனையிலிருந்து கைப்பிடி வரை நேர்கோடாக ஓட வேண்டும். நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளினாலும் முழுக் கட்டையும் பருத்துத் தெரியும். மரத்தின் வரிகள் பின்பகுதியில் எப்படி வேண்டுமானாலும் சுழலலாம். கைப்பிடியில் மட்டும் வளைவோடு சேர்ந்து நேராகப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த இடத்தில் ஒடியும். முன்கட்டையின் நுனியில் கருங்காலித் துண்டோ எருமைக் கொம்போ ஒட்டும் பழக்கம் இங்கிலாந்துத் துப்பாக்கிகளிலிருந்தே உண்டு. வெட்டுவாய் வெளியே தெரியும் அந்த முனையில் ஈரம் இறங்கக் கூடாது, அடிபட்டுப் பிளக்கக் கூடாது. நம் ஊரில் கருங்காலி மாலைக்கு அலைகிற கூட்டத்திடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நண்பருக்குக் கட்டை செய்தவர் கிப்ஸ்லாந்துப் பக்கத்தில் ஒரு பெரியவர். அவர் அளவெடுப்பதைப் பார்க்க நானும் போயிருந்தேன். நாடாவைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பினார். தோட்டா இல்லாத துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். தொலைநோக்கியில் வட்டம் முழுதாகத் தெரிகிறதா, ஓரத்தில் கறுப்புப் பிறை விழுகிறதா? பிறை விழுந்தால் அது எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கழுத்து கட்டையைத் தேடிப் போகக் கூடாது, கட்டைதான் ஆளைத் தேடி வர வேண்டும் என்பது அவர் கொள்கை. கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை என்று எல்லாவற்றையும் மறுபடி செய்யவைத்தார்.

இவ்வளவும் எதற்கு? ஒரு கடமானுக்காக. 1861இல் மெல்பர்னில் தொடங்கிய, வெளிநாட்டு உயிரினங்களைக் கொண்டுவந்து குடியேற்றும் சங்கம் ஒன்று, அந்தப் பத்தாண்டிலேயே நம் பக்கத்துக் கடமான்களை விக்டோரியாவின் காடுகளில் விட்டது. முதுமலையில் நாம் வண்டிக்குள்ளிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் அதே விலங்கு, இங்கே மலைச் சதுப்புகளை மிதித்துச் சேறாக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைத் தொட்டால் சிறை. இங்கே உரிமம் வாங்கினால் வேட்டை. விக்டோரியாவில் கடமானைச் சுடக் குழல்விட்டம் .270 அங்குலத்துக்கும் குண்டின் எடை 130 கிரெயினுக்கும் குறையக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். ஓ’கானர் வாழ்நாள் முழுக்கப் புகழ்ந்த அதே .270தான். நன்றாகவே உதைக்கும்.

1996இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகள் சாதாரண வேட்டைக்காரர் கையிலிருந்து போய்விட்டன. அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்ற துப்பாக்கிகள் ஆறரை லட்சம் அளவில். ஆகவே இன்று மான் வேட்டை என்றால் பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன்தான். முதல் குண்டு தவறினால், போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்ததற்குத் தயாராவதற்குள் மான் புதருக்குள் போயிருக்கும். தவறியிருந்தால்கூடப் பரவாயில்லை; வயிற்றில் பட்டு ஓடியிருந்தால் இரண்டு நாள் துடித்துச் சாகும். தோளில் சரியாக உட்காராத கட்டையும், உதைக்குப் பயந்து கடைசி நொடியில் மூடிக்கொள்ளும் கண்ணும் அந்தத் துடிப்புக்குக் காரணமாகலாம். வேட்டையைப் பற்றி எனக்கும் நண்பருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சுடுவது என்று முடிவான பிறகு, பொருந்தாத துப்பாக்கியோடு காட்டுக்குள் போவது தப்பு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒரு கருவியின் வடிவத்தில் இரக்கத்துக்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், சந்தை இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொள்வதில்லை. சுழல் வரிகள் ஓடும் வால்நட்டும் கருங்காலி நுனியும் விற்கும்போது விலையைக் கூட்டும். குட்டையான கட்டை அளவோ விலையைக் குறைக்கும். அந்த அளவுள்ள இன்னொருவர் கிடைப்பது கடினம். நண்பர் பணத்தை விலை குறையும் பக்கத்தில்தான் போட்டார். அலங்காரம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மகனுக்கும் உரிமம் உண்டு, ஆறடி உயரம். ஒரு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது குழந்தைத் துப்பாக்கி மாதிரி இருக்கு” என்றான். “உனக்கு வேற மரம் பார்ப்போம்டா” என்றார் அவர். அடுத்த வாரமே கிப்ஸ்லாந்துப் பெரியவருக்குத் தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிவிட்டார்.