பெயர் சொல்லாத மலை

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த லீட்ஸ் மாநகரத்தார் தம் ஊரின் கீர்த்தியைப் பேசத் தொடங்கினால், கம்பளி ஆலைகளைச் சொல்லி முடித்த கையோடு ஏர் நதியின் மேலுள்ள பாலத்துக்கு வந்துவிடுவார்கள். 1888-ஆம் ஆண்டில் லூயி லெ பிரின்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்தப் பாலத்தில் சென்ற வண்டிகளையும் மனிதர்களையும், அதே ஆண்டு அக்டோபரில் ரவுண்டே பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் உலாவிய சிலரையும் சலனப் படமாகப் பிடித்தார். பாலத்தில் அதற்கு ஞாபகார்த்தப் பலகை உண்டு. அருகிலுள்ள எஷோல்ட் கிராமமோ, ‘எமர்டேல்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் பல்லாண்டு அங்கே படமாக்கப்பட்ட காரணத்தால், தன் மதுக்கடையின் பழம்பெயரையே விட்டுக் கதையில் வரும் கடையின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது என் மனம் சேலத்தை அடுத்த, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு ஓடுவதற்கு வெறும் ஊர்ப்பற்று மட்டும் காரணம் அன்று. இதே லீட்ஸில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று தாயகம் திரும்பிய திருச்செங்கோட்டு இளைஞர் ஒருவர்தாம், பேசும்படம் எடுக்க விரும்பியவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், 1935-இல் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பட நிறுவனத்தை நிறுவினார். டி. ஆர். சுந்தரம் என்னும் அந்தப் பெரியவரின் கூடத்திலிருந்துதான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ வெளிவந்தது, 1940-இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட ‘உத்தம புத்திரன்’ வந்தது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தது. அரண்மனையையும் கடைவீதியையும் குகையையும் தச்சரும் சுதை வேலைக்காரரும் சேர்ந்து கூடத்துக்குள் எழுப்பிவிடலாம்; மலைச் சரிவையும் அதன்மேல் தவழும் மஞ்சையும் எந்தத் தச்சராலும் எழுப்ப இயலாதாகையால், அவை வாயிலுக்கு எதிரே ஆயத்தமாக நின்றது அந்த நிறுவனத்துக்கு வாய்த்த பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் பாக்கியம் பலித்த இடம் 1950-இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’. காதலித்து மணந்த மனைவியையே கொல்லக் கருதிக் கணவன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவன் எண்ணத்தை உணர்ந்துகொண்ட அவள், இறுதியாக ஒருமுறை வலம்வர வேண்டுமென்று விநயத்தோடு கேட்டு, பின்னே வந்ததும் அவனைப் பாதாளத்தில் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்தின் கதை இது. மூலநூல் சில பாடல்களாகவே எஞ்சிவிட, பெரும்பகுதியும் நீலகேசி உரையின் வழியாகவே நமக்குத் தெரியவரும் அந்தக் கதையை மு. கருணாநிதி வசனமாக்கினார், அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினார்கள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டோடு, எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் அந்த உச்சியை நோக்கி ஏறினார்கள். இரண்டாண்டு கழித்து, அதே போலச் சிதைந்துபோன ‘வளையாபதி’யையும் பாரதிதாசனைக் கொண்டு எழுதுவித்து இதே நிறுவனம் படமாக்கிற்று. ஐம்பெருங்காப்பியங்களுள் நாம் காக்கத் தவறிய இரண்டும், ஏதோ ஒரு விதத்தில், காப்பித் தோட்டங்கள் நிறைந்த இந்த மலையின் அடிவாரத்தில் புனர்ஜன்மம் பெற்றன என்பது சேலத்தார் இன்னும் அதிகமாகப் பெருமைப்பட வேண்டிய சங்கதி.

அந்த உச்சி ஏற்காட்டு மலைமுனையே என்பது சேலத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் படத்தில் அது ஏதோ ஒரு ராஜ்யத்தின் மலை. ராஜா ராணிக் கதைகளுக்கு ஊர்ப்பெயர் தேவைப்படாததால், சேர்வராயன் பிறர் தேசமாகவே திரையில் நின்றது. இதில் எனக்குக் குறையேதும் இல்லை. எஷோல்ட் மதுக்கடையைப்போல் கதைக்காகத் தன் பெயரை இழப்பதைக் காட்டிலும், கதைக்குத் தன்னைக் கொடுத்துவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டது நம் மலைக்குக் கௌரவமே. தவிரவும், பெயரில்லாத மலையைப் பார்த்த ஒவ்வொருவரும் தத்தம் ஊர் மலையை அங்கே நிறுத்திக்கொண்டதனாலேயே அந்தக் காட்சி தமிழ்நாடு முழுவதற்கும் சொந்தமாயிற்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சுந்தரம் 1963-இல் மறைந்தார்; பின்னர் படப்பிடிப்பும் நின்று, கூடங்கள் இருந்த நிலம் குடியிருப்பாகி, இன்று ஏற்காடு சாலையில் அந்தப் பழைய நுழைவு வளைவு ஒன்றே சாட்சியாக நிற்கிறது. நிறுவனத்துக்கு வளைவு இருக்கிறது. மலைக்கோ வாய்மொழி தவிர வேறு சாட்சி இல்லை. மே மாதக் கோடை விழாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருகிறவர்கள், ஏரியையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். படப்பிடிப்பைக் கண்டவர்களும் அதில் கூலி பெற்றவர்களும் சொல்லிச் சென்றவற்றைத் தம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கேட்டு எழுதிவைக்கும் பணியைச் சேலத்துக் கல்லூரி மாணவர்கள் மேற்கொள்ளட்டும். எந்த முனையில் எது எடுக்கப்பட்டது என்று உறுதியாகும் இடத்தில் ஒரு கல் நடட்டும். நடிகர் பெயரும் ஆண்டும் அதில் இருப்பதோடு, குண்டலகேசியின் பெயரும் இருக்க வேண்டும். படத்துக்காக ஏறிவரும் பிள்ளைகளில் நாலு பேராவது காப்பியத்தைத் தேடிப்போனால், லீட்ஸ் பாலத்துப் பலகை செய்யாத காரியத்தை அந்தக் கல் செய்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடல் கடந்த சேலத்தான்