எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு டார்ச் லைட்

"பர்த்டேக்கு உனக்கு என்ன வேணும் பாப்பா?"

ஃபிராக், பொம்மை, சாக்லேட் கேக் என்று ஏதாவது பதில் வரும் என்றுதான் அம்மா எதிர்பார்த்தாள். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "சார்ஜ் போடுற டார்ச் லைட் ஒண்ணு வாங்கிக் குடும்மா. நல்லா வெளிச்சம் வர்றதா பார்த்து."

எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் அவர்கள் வீடு. அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு வேலை. போனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, எர்ணாவூர் தெருக்களில் மீன் விற்கிறாள். 2024 டிசம்பர் 14 வந்தால் மகளுக்கு எட்டு வயது முடிகிறது. தம்பிக்கு நாலு வயது.

எட்டு வயதுப் பெண் பிறந்தநாளுக்கு டார்ச் கேட்டதை வெளியே சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டார்ச் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் ஆணியில் மகளின் பழைய ஸ்கூல் பை தொங்குகிறது. அதற்குள் ஒரு டவல், ஒரு தண்ணீர் பாட்டில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், தம்பியின் செருப்பு ஒரு ஜோடி. யாரும் சொல்லாமல் அவளே எடுத்து வைத்தவை.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, போன பிறந்தநாளிலிருந்து நடந்ததையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

போன பிறந்தநாளைக் கொண்டாடவே இல்லை. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மிதந்தது. மற்ற ஏரியாக்களுக்குத் தண்ணீர் வந்தது. எண்ணூருக்கு மணலி பக்கமிருந்து தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம் என்று கறுப்பாகப் படர்ந்தது.

அம்மாவின் தாய்வீடு தாழங்குப்பத்தில். மகளின் ஏழாவது பிறந்தநாளன்று அங்கே போனபோது படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் எண்ணெய் அப்பியிருந்தது. ஆண்கள் படகில் உட்கார்ந்து மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இறக்கை ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் நின்ற ஒரு கூழைக்கடாவை மகள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயா திருநீறு பூசிவிட்டபோது, "ஆயா, உன் கையில பெட்ரோல் வாசனை அடிக்குது" என்றாள். அன்றைக்குக் கேக் வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

எண்ணெய் அவள் வாழ்க்கையில் வந்தது அதுதான் முதல் தடவை என்றும் சொல்ல முடியாது. 2016-இல் வர்தா புயல் அடித்த இரண்டாம் நாள், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவள் அவள். ஒன்றரை மாதக் குழந்தையாக இருந்தபோது, 2017 ஜனவரி 28-ஆம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். அப்போது இவள் தூளியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் அப்படித் தூங்க முடியவில்லை.

எண்ணெய்க்குப் பிறகு பல வாரம் மீன் விற்கவில்லை. கூடையை இறக்கினாலே, "எண்ணெய் மீனா?" என்றுதான் முதல் கேள்வி. அரசு புயல் நிவாரணமாக 6,000 ரூபாய் கொடுத்தது. எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அறிவித்தது. தாழங்குப்பத்தில் வீட்டுக்கு வீடு அந்தக் கணக்கைத்தான் பேசினார்கள். பிள்ளைகள் மனசில் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

பிறந்தநாள் முடிந்து பன்னிரண்டாம் நாள் டிசம்பர் 26. 2004-இல் சுனாமி வந்த அதே தேதி. ராத்திரி பதினொன்றரை தாண்டியிருக்கும். மூக்கில் ஊசி ஏற்றியது போல ஒரு நெடி. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுபோகும் குழாய் கடலுக்கடியில் கசிந்தது என்பது பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

அப்பா கடலில் இருந்தார். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மகள் அம்மாவின் புடவையைப் பிடித்தபடி பின்னால் ஓடி வந்தாள். சந்துக்குள் கும்மிருட்டு. "துணியை நனைச்சு மூக்குல வைங்க" என்று யாரோ கத்தினார்கள். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். ஈரத்துணி கொஞ்சமாவது தடுக்கும். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் தண்ணீருக்கு எங்கே போவது?

மெயின் ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் அம்மா கவனித்தாள். மகளின் ஒரு காலில் செருப்பு இல்லை. பாதம் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ நின்னுடுவியேம்மா."

அன்றிரவு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையைத் திறக்கக் கூடாது என்று ஊர்மக்கள் பந்தல் போட்டுப் பல வாரங்கள் உட்கார்ந்தார்கள். அம்மாவும் போனாள். மகள் அந்தப் பந்தலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவள் எவ்வளவோ கற்றுக்கொண்டாள். முன்பல் இரண்டு விழுந்து முளைத்தன. ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் காலையில் போடும் கிச்சடி அம்மாவின் உப்புமாவைவிட நன்றாக இருக்கிறது என்று தைரியமாகச் சொல்வாள். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் புதுசா பழசா என்று சொல்லிவிடுவாள்.

யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத சிலதும் இருந்தன. படுக்கப் போகும் முன், கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். வாடைக்காற்று எது, கொண்டல் எது என்று அப்பா விளையாட்டாகக் காட்டிக்கொடுத்திருந்தார். வாயு கசிந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது, குறுக்கே ஓட வேண்டும் என்று பந்தலில் பெரியவர்கள் பேசியதை அதோடு சேர்த்துக்கொண்டாள். செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் திடீரென்று வாயு நெடி பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதைக் கேள்விப்பட்டு இவள் தன் வகுப்புப் பிள்ளைகளிடம், "கர்சீப்பும் தண்ணி பாட்டிலும் எப்பவும் பக்கத்துல வச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். "உங்க பொண்ணு ரொம்ப விவரம்மா" என்றார் டீச்சர். தெருவிலும் "பெரிய மனுஷி" என்றுதான் பேர். அம்மாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நவம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் பொடி அரைக்க மிளகாய் வறுத்தார்கள். நெடி ஏறியது. அம்மா இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் காணவில்லை. ஆணியில் பையும் இல்லை.

லாரிகள் போய்க்கொண்டிருந்த மெயின் ரோட்டு ஓரத்தில்தான் அவர்களைக் கண்டுபிடித்தாள். மகள் தம்பியின் மூக்கில் ஈர டவலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அழுதுகொண்டிருந்தான். "மிளகாய் நெடிடி அது" என்று சொல்லிக் கையைப் பிடித்தபோது, மகளின் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்போது மகளும் சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை.

மறுநாள் தாழங்குப்பத்துக்குப் போய் அம்மா இதைச் சொன்னாள். ஆயா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீயும் இப்படித்தானே இருந்த?"

சுனாமி வந்தபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அதன் பிறகு ரெண்டு வருஷம், துணியை ஒரு மூட்டையாகக் கட்டித் தலைக்கு வைத்துத்தான் படுத்தாள். அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்காருவாள். அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

"பொறுப்பான பொண்ணுன்னு ஊரே சொல்லிச்சு. நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டேன். அந்த மூட்டையை உன்கிட்டேருந்து வாங்கி நான் வச்சுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றாள் ஆயா.

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே நினைப்பாக இருந்தாள்.

பொன்னேரியில் இருக்கும் பெரியம்மா, பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜனவரியில் மூன்று வாரம் விட்டும் பார்த்தார்கள். பகலெல்லாம் நன்றாக விளையாடினாள். ராத்திரி ஆனால் போன் போட்டு, "காத்து எந்தப் பக்கம்மா அடிக்குது?" என்று கேட்டாள். அவளை மட்டும் தூரமாக அனுப்பினால், அங்கேயிருந்தும் இவர்களுக்காகப் பயப்படுவாள். எல்லோருமாகக் கிளம்பலாம் என்றால், அப்பாவின் பிழைப்பு கடலில், அம்மாவின் பிழைப்பு மீனில்.

பயப்படாதே என்று மகளிடம் சொல்லவும் அம்மாவால் முடியவில்லை. கிழிந்த காலோடு ஓடிய பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் அது பொய். பயம் நியாயமானதுதான். ஆனால் ராத்திரியில் விழித்திருந்து காவல் காப்பது எட்டு வயதுப் பிள்ளையின் வேலை இல்லை.

டிசம்பர் 14, சனிக்கிழமை. இரண்டு நாள் முன்பே அப்பா கரைக்கு வந்துவிட்டார். அரைக் கிலோ கேக் வாங்கினார்கள். ஆயாவும் வந்திருந்தாள். மகள் கேட்ட டார்ச்சோடு, கேட்காத ஒரு ஸ்கிப்பிங் கயிறும் இருந்தது.

கேக் வெட்டி முடித்ததும் மகள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பையிடம் போனாள். அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே இது அம்மாவோட பை. நெடி வந்தா உங்களை எழுப்புறது என் வேலை. நான் கூப்பிட்டா என் கையைப் பிடிச்சுக்கணும். உனக்கு அது ஒண்ணுதான் வேலை."

மகள் உடனே விட்டுக்கொடுக்கவில்லை.

"தம்பி செருப்பு?"

"இருக்கு. உனக்கும் ஒரு ஜோடி வச்சிருக்கேன்."

"டவல்?"

"மூணு."

"தண்ணியைத் தினமும் மாத்துவியா?"

"மாத்துவேன்."

"மறந்துட்டா?"

"அப்பா இருக்கும்போது அப்பா பார்ப்பாரு. இல்லாதப்போ பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு டார்ச்சைக் கொடுத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அம்மா பையில் டார்ச்சை வைத்து, மகளுக்கு எட்டாத உயரத்தில், தான் படுக்கும் இடத்துக்கு மேலே மாட்டினாள்.

அன்று ராத்திரியும் செருப்பு தலைமாட்டில்தான் இருந்தது. அம்மா அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் விளையாடிக் களைத்துப்போன மகள், கொடியைப் பார்க்காமலே தூங்கிவிட்டாள்.

அம்மா வெளியே போய், துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள்.